நூல் நிமிர்ந்து நிற்கும் கைவேலை: குரோஷா, ஃபெல்ட் பற்றி ஓர் அறிமுகம்



நம் அறக்கட்டளையின் தையல் பயிற்சியோடு குரோஷா, ஃபெல்ட் கைவேலை வகுப்பும் இன்ஷா அல்லாஹ் தொடங்கும் என்று அறிவித்த நாளிலிருந்து பலர் கேள்விகள் கேட்டு வருகின்றனர். ‘குரோஷா என்றால் தொப்பி பின்னுவதுதானே, அதற்கு ஒரு வகுப்பா?’ என்பது ஒன்று. ‘ஃபெல்ட் என்றால் என்ன?’ என்பது இன்னொன்று. ‘நூலில் உருவங்கள் செய்வது மார்க்கத்தில் கூடுமா?’ என்று கவலையோடு கேட்டவர்கள் உண்டு. ‘பெண்கள் பொழுதுபோக்காகச் செய்யும் வேலைக்கு ஜமாஅத்தின் பணத்தைச் செலவழிக்கலாமா?’ என்று நேராகவே கேட்டவர்களும் உண்டு.

எல்லாம் நியாயமான கேள்விகள்தாம். ஒவ்வொன்றாக இங்கே விளக்குகிறோம். கடைசிக் கேள்விதான் மிக முக்கியமானது. அதற்குப் பதில் சொல்லும் முன், இந்த வேலை என்ன, அதில் எவ்வளவு அறிவு அடங்கியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஓர் ஊசி, ஒரு நூல்

குரோஷா என்பது நுனியில் கொக்கி உள்ள ஒரே ஊசியால் செய்யும் பின்னல். ஸ்வெட்டர் பின்னுவதற்கு இரண்டு ஊசிகள் வேண்டும்; பல கண்ணிகள் ஒரே நேரத்தில் ஊசியில் வரிசையாகக் கிடக்கும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரு கண்ணி மட்டுமே ஊசியில் இருக்கும். அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். எந்தத் திசையிலும் திரும்பலாம். ஏற்கெனவே பின்னிய பகுதியில் எங்கு வேண்டுமானாலும் ஊசியைக் குத்திப் புதிய கிளை ஒன்றைத் தொடங்கலாம். இந்தச் சுதந்திரத்தால்தான், துணியாகப் படுத்துக் கிடக்க வேண்டிய பின்னல், கிண்ணமாகவும் பூவாகவும் கிளையாகவும் எழுந்து நிற்க முடிகிறது.

இன்னொரு செய்தியையும் சகோதரிகள் அறிந்திருக்க வேண்டும். ஸ்வெட்டர் பின்னும் இயந்திரங்கள் தொழிற்சாலைகளில் ஏராளம். ஆனால் கையால் பின்னும் குரோஷாவை அப்படியே செய்து தள்ளும் இயந்திரம் எதுவும் தொழிற்சாலைகளில் இல்லை. அது போலத் தோன்றும் வேறு வகைப் பின்னல்களைத்தான் இயந்திரங்கள் தருகின்றன. ஆகவே கடையில் மிக மலிவான விலையில் உண்மையான குரோஷா உடை தொங்குகிறது என்றால், எங்கோ ஒரு பெண்ணின் கை அதற்காக மணிக்கணக்கில் உழைத்திருக்கிறது; அவளுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம் என்றுதான் பொருள்.

எண்ணிக்கைதான் வடிவம்

நம் வீடுகளில் தொழுகைத் தொப்பி பின்னும் சகோதரிகளுக்கு இந்தக் கணக்கு விரல் நுனியில் இருக்கிறது. அதைக் கணக்கு என்று அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு வளையத்துக்குள் 6 ‘சிங்கிள்’ கண்ணி போடுகிறோம். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டு போட்டு 12 ஆக்குகிறோம். பிறகு 18, 24, 30 என்று சுற்றுக்கு 6 கண்ணி கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் கிடைக்கும். ‘டபுள்’ போன்ற உயரமான கண்ணியாக இருந்தால் சுற்றுக்கு 12 கூட்ட வேண்டும். கூட்டுவதை நிறுத்திவிட்டு அதே எண்ணிக்கையில் சுற்றிக்கொண்டே போனால், வட்டத்தின் ஓரம் மேலே எழும்பிச் சுவராகும். அதுதான் தொப்பி. அதே சுவரில் சுற்றுக்கு 6 கண்ணியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் வாய் மூடிப் பந்தாகிவிடும்.

கூட்டினால் விரியும், நிறுத்தினால் எழும்பும், குறைத்தால் மூடும். பழம், காய், கிண்ணம், விளக்கு மூடி, குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் என்று எதைச் செய்தாலும் அடிப்படை இந்த மூன்றுதான். ஒரு பக்கம் மட்டும் கூட்டி மறுபக்கம் அப்படியே விட்டால் வளைவு வரும். மாம்பழத்தின் மூக்கு வளைவதும் அப்படித்தான்.

தட்டையாக இருப்பதற்குத் தேவையானதைவிட அதிகமாகக் கூட்டினால் என்ன ஆகும்? ஓரத்தில் இடம் போதாமல் பின்னல் நெளியத் தொடங்கும். இன்னும் கூட்டினால் அலையலையாகச் சுருண்டு, கோழிக்கொண்டைப் பூவைப் போல ஆகிவிடும். தொப்பி பின்னும்போது இப்படி நெளிந்தால் ‘கண்ணி கூடிப்போச்சு’ என்று பிரித்துவிடுகிறோம். அந்த நெளிவுக்குள்தான் கணித அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் தேடிய ஒன்று இருந்தது.

உமர் கய்யாம் முதல் குரோஷா ஊசி வரை

கிரேக்க அறிஞர் யூக்ளிட் வடிவக் கணிதத்துக்கு ஐந்து அடிப்படை விதிகளை வகுத்தார். ஐந்தாவது விதி இணைகோடுகளைப் பற்றியது. ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியின் வழியாக, அந்தக் கோட்டை ஒருபோதும் தொடாத ஒரே ஒரு கோடுதான் வரைய முடியும் என்பது அதன் சாரம். மற்ற நான்கு விதிகளைக் கொண்டு இதை நிரூபித்துவிடலாம் என்று பலரும் முயன்றார்கள். நம் முஸ்லிம் அறிஞர்களும் அந்த முயற்சியில் முன்னின்றார்கள். இப்னுல் ஹைதம் இதை ஆராய்ந்தார். கவிஞர் என்று உலகம் அறிந்த உமர் கய்யாம் 1077-இல் யூக்ளிடின் விதிகளில் உள்ள சிக்கல்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். 13-ஆம் நூற்றாண்டில் நஸீருத்தீன் தூஸி அதைத் தொடர்ந்தார்.

கய்யாம் ஒரு நாற்கரத்தை எடுத்துக்கொண்டார். அடியில் இரண்டு செங்கோணங்கள். பக்கங்கள் இரண்டும் சமம். மேலே உள்ள இரண்டு கோணங்கள் செங்கோணமாக இருக்கலாம், அதைவிட அதிகமாக இருக்கலாம், அல்லது குறைவாக இருக்கலாம் என்று மூன்று நிலைகளையும் வரிசைப்படுத்தினார். பின்னிரண்டும் நடக்காதவை என்று அவர் தள்ளிவிட்டார். குறைவான கோணம் என்ற அந்த நிலையும் முரண்பாடில்லாத ஒரு தனி வடிவக் கணிதம்தான் என்பது 19-ஆம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கியும் ஹங்கேரியின் போயாயும் தனித்தனியே அதை வெளியிட்டார்கள். இன்று அதற்கு ‘ஹைப்பர்போலிக்’ வடிவக் கணிதம் என்று பெயர்.

தாளில் சூத்திரமாக இருந்த அந்தப் பரப்பைக் கையில் பிடித்துப் பார்க்க வழி இருக்கவில்லை. காகிதத்தை வளைய வளையமாக வெட்டி ஒட்டிச் செய்த மாதிரிகள் கை பட்டால் கிழிந்தன. லாத்வியா நாட்டில் பிறந்த கணிதப் பேராசிரியை டைனா டைமினா, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1997-இல் அதைக் குரோஷாவில் பின்னினார். சில கண்ணிகளுக்கு ஒரு கண்ணி என்ற ஒரே விகிதத்தில் கடைசிவரை கூட்டிக்கொண்டே போவதுதான் அவர் கையாண்ட முறை. மாணவர்கள் அதை மடிக்கலாம், இழுக்கலாம், அதன்மேல் வேறு நிற நூலால் கோடு தைத்துப் பார்க்கலாம். ஒரு புள்ளி வழியாக ஒன்றுக்கு மேற்பட்ட இணைகோடுகள் செல்வதை அவர்கள் கண்ணாலேயே கண்டார்கள்.

இந்தக் கூட்டல் எவ்வளவு வேகமாக வளரும் என்பதற்கு ஓர் உதாரணம். 20 கண்ணியில் தொடங்கி, ஒவ்வொரு இரண்டு கண்ணிக்கும் ஒன்று கூட்டினால் 30, 45, 67 என்று போய், பத்து சுற்று முடிவதற்குள் 1,100-ஐத் தாண்டிவிடும். முதல் சுற்று சில நிமிடம். கடைசிச் சுற்று ஒரு மாலைப்பொழுது. கூலி பேசும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

கம்பளிப் பவளப்பாறை

அதே நெளிவைப் படைத்தவன் கடலுக்குள்ளும் வைத்திருக்கிறான். பவளங்களிலும் கடற்பாசிகளிலும் ஓரங்கள் இப்படித்தான் அலையலையாக இருக்கும். சிறிய இடத்துக்குள் அதிகப் பரப்பு கிடைப்பதால் வெளிச்சத்தையும் உணவையும் பெறுவதற்கு அது உதவுகிறது.

ஆஸ்திரேலியாவில் பிறந்து லாஸ் ஏஞ்சலீஸில் வாழும் இரட்டைச் சகோதரிகள் மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டின் வெர்தைம் ஆகியோர் 2005-இல் டைமினாவின் முறையை எடுத்துக்கொண்டு பவளப்பாறைகளைப் பின்னத் தொடங்கினர். தம் நாட்டின் பெரும் பவளத்திட்டு கடல் சூடாகி அழிவதை உலகுக்கு உணர்த்துவது அவர்கள் நோக்கம். விகிதத்தை மாற்றிப் பின்னப் பின்னப் புதிய புதிய வடிவங்கள் வந்தன. பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்கள், தங்கள் ஊர்ப் பவளப்பாறையைப் பின்னினார்கள். அபுதாபியிலும் அப்படி ஒன்று உருவானது. 2019-இல் வெனிஸ் நகரின் உலகப் புகழ்பெற்ற கலைக் கண்காட்சியில் இது இடம்பெற்றது.

கடற்கரையில் வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. இராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஒரு காலத்தில் அவை வெட்டி எடுக்கப்பட்டன. 1986-இல் அப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆனது. இப்போது பவளத்தை எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆனால் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது, பவளத்துக்குள் குடியிருந்து அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசி வெளியேறிவிடுகிறது. பவளம் வெளுத்துப்போகிறது. சூடு நீடித்தால் செத்துவிடுகிறது. 2016-இல் மன்னார் வளைகுடாவிலும் இப்படி வெளுத்தது. மீன்கள் பெருகும் இடம் அது. அதை நம்பிய அடுப்புகள் நம் ஊர்களில் எத்தனை! நம் பெண்பிள்ளைகள் தங்கள் கடலின் பவளத்தைத் தங்கள் கையால் பின்னினால், கடல் பற்றிய பாடமும் அதனுடன் சேர்ந்தே மனதில் பதியும்.

ஃபெல்ட்: நெய்யாத துணி

இனி ஃபெல்ட். இதில் நூலும் இல்லை, தறியும் இல்லை. ஆட்டுக் கம்பளியை அடுக்கி, வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்து, உருட்டி, மிதித்துக் கெட்டியாக்குவதுதான் ஃபெல்ட்.

இது எப்படி ஒட்டிக்கொள்கிறது? கம்பளி இழையின் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. அவை வேரிலிருந்து நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். நெற்கதிரின் சுணையை ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும். எதிர்ப்பக்கம் தடவினால் பிடிக்கும் அல்லவா, அது போலத்தான். ஈரத்தில், சூட்டில், சோப்பின் வழுக்கலில் தேய்க்கும்போது இழை ஒரு பக்கமாக மட்டும் நகர்கிறது. திரும்பி வர முடிவதில்லை. இப்படி ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிச் சுருங்கிவிட்டால் பிரிக்கவே முடியாது. வெட்டினாலும் நூல் பிரியாது. கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் துவைத்துப் பாழாக்குவதும் இதே விதிதான். ஃபெல்ட் கலைஞர் அதை வேண்டுமென்றே செய்கிறார்.

இக்கலை மிகத் தொன்மையானது. சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் பஸிரிக் என்ற இடத்துக் கல்லறை மேட்டில், பனியில் உறைந்து கெடாமல் கிடந்த ஃபெல்ட் அன்னப்பறவைகள் கண்டெடுக்கப்பட்டன. உள்ளே அடைத்துத் தைத்து நிற்க வைத்த உருவங்கள் அவை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. இன்று ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

முஸ்லிம் நாடுகளில் இது அன்றாட வாழ்வோடு கலந்தது. கிர்கிஸ்தானில் மேய்ச்சல் மக்களின் வட்டக் கூடாரத்தின் போர்வையே ஃபெல்ட்தான். அங்கே ‘ஷிர்தக்’, ‘அலா கியிஸ்’ என்ற ஃபெல்ட் விரிப்புகளைப் பெண்கள் கூட்டாகச் செய்கிறார்கள். இளைய தலைமுறை கற்றுக்கொள்ளாததால் அழியும் நிலைக்கு வந்துவிட்டது என்று கண்டு, 2012-இல் யுனெஸ்கோ அதை அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. துருக்கியின் கோன்யா நகரில் மௌலவிய்யா தரீக்காவைச் சேர்ந்தவர்கள் அணியும் உயரமான தொப்பி, தையலே இல்லாமல் அச்சின்மேல் உருவாக்கும் ஃபெல்ட். நம் நாட்டில் காஷ்மீரின் ‘நம்தா’ விரிப்பு இதே கலைதான். அதன்மேல் வண்ண நூலால் பூவேலை செய்கிறார்கள்.

இரண்டையும் சேர்த்துச் செய்யும் முறை

குரோஷாவில் வடிவத்தைப் பின்னி, பிறகு ஃபெல்ட் ஆக்குவதுதான் நம் வகுப்பில் கற்றுத்தர இருக்கும் முக்கியப் பாடம். கிண்ணம், பூ, கைப்பை, தேநீர்க் குவளையின் உறை எல்லாம் இப்படிச் செய்யலாம். சுருக்கமாக முறை இது.

முதலில் நூல். நம் ஊர்க் கடைகளில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அதில் செதில் கிடையாது. எவ்வளவு தேய்த்தாலும் ஃபெல்ட் ஆகாது. பருத்தியும் ஆகாது. சுருங்காதபடி பதப்படுத்திய கம்பளி நூலும் ஆகாது. சந்தேகம் இருந்தால் ஓர் இழையை வெட்டிக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாடையோடு கருகிப் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டி உருண்டையாகும். நம் மாவட்டத்து ஆடுகளுக்குக் கம்பளி அதிகம் இல்லை. தமிழ்நாட்டில் மென்மையான கம்பளி தரும் இனம் நீலகிரி ஆடு.

இரண்டாவது, தளர்வாகப் பின்னுங்கள். வழக்கத்தைவிடப் பெரிய கொக்கி ஊசி வேண்டும். கண்ணிகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால்தான் இழைகள் நகர்ந்து சிக்கும். முடிந்த பொருள் கால் பங்கோ, மூன்றில் ஒரு பங்கோ சுருங்கும். நூலுக்கு நூல் இது மாறும். ஆகவே முதலில் உள்ளங்கை அளவு சதுரம் ஒன்று பின்னி, அளந்து, ஃபெல்ட் ஆக்கி, மறுபடி அளந்து பாருங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்தால் பெரிய பொருளும் அதற்கான நூலும் வீணாகலாம்.

மூன்றாவது, வெந்நீர். வாளியில் கை பொறுக்கும் அளவுக்குச் சூடான நீரும் சிறிது சோப்பும் போதும். ரப்பர் கையுறை அணிந்துகொள்ளுங்கள். முதலில் மெதுவாக, பிறகு பலமாகத் தேய்க்க வேண்டும். நடுநடுவே குளிர்ந்த நீரில் முக்கி எடுத்தால் விரைவில் கெட்டியாகும். கண்ணிகள் தெரியாமல் மறையும்போது நிறுத்துங்கள்.

நான்காவது, வடிவம். சோப்புப் போக அலசிப் பிழிந்து, ஈரமாக இருக்கும்போதே கவிழ்த்த கிண்ணம், பாட்டில், பந்து எதன்மேலாவது இழுத்துப் பொருத்துங்கள். ஓரங்களை விரலால் மடித்துவிடுங்கள். நிழலில் ஓரிரு நாள் உலரவிட்டால் அந்த வடிவம் அப்படியே நிற்கும்.

ஐந்தாவது, ஊசி வேலை. நீரே இல்லாமல் ஃபெல்ட் செய்ய ஒரு தனி ஊசி உண்டு. அதன் ஓரங்களில் சிறு முட்கள் இருக்கும். அடியில் தடித்த ஸ்பாஞ்ச் வைத்து, கம்பளியை அந்த ஊசியால் குத்திக் குத்தி, பூவின் நடுப்பகுதி, இலை நரம்பு போன்ற நுணுக்கங்களைச் சேர்க்கலாம். மிகக் கூர்மையான ஊசி. வேறெங்கும் பார்த்துக்கொண்டு குத்தக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

கம்பளி வாங்க இயலாதவர்கள் பருத்தி நூலிலேயே பின்னி, கெட்டியான கஞ்சியில் தோய்த்து, கிண்ணத்தின்மேல் கவிழ்த்துக் காயவைத்தால் அதுவும் நிமிர்ந்து நிற்கும். சிலர் சர்க்கரைப் பாகு சேர்ப்பார்கள். நம் ஊர் எறும்புக்கு அது விருந்தாகிவிடும்.

மார்க்கத்தின் வரம்பு

உயிருள்ளவற்றின் சிலைகளைச் செய்வதை மார்க்கம் தடுத்திருக்கிறது. இதில் நமக்குத் தெளிவு இருக்க வேண்டும். அதே வேளையில் ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதும், அதை நபி (ஸல்) அவர்கள் தடுக்காததும் ஹதீஸ் நூல்களில் வந்துள்ளன. இதை ஆதாரமாகக் கொண்டு குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைகளுக்குப் பெரும்பாலான அறிஞர்கள் விலக்கு அளித்துள்ளனர். உருவம் செய்து பிழைத்து வந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் செய்யுமாறு அவர்கள் வழிகாட்டியதும் பதிவாகியுள்ளது. பிழைப்பை நிறுத்து என்று சொல்வதோடு விடாமல், மாற்றுவழியையும் காட்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் வகுப்பின் பாடத்திட்டம் இந்த வரம்புக்குள்தான் அமைகிறது: பூ, இலை, பழம், கிண்ணம், பை, விரிப்பு, தொப்பி. பவளம் உயிரியல்படி விலங்கினம் என்றாலும், முகமோ தலையோ இல்லாமல் செடி போலவே இருப்பது. அதிலும் மனதில் ஐயம் உள்ள சகோதரிகள் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். அந்தப் பாடத்தைத் தவிர்க்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

இது பொழுதுபோக்கா, தொழிலா?

ஆந்திராவின் கோதாவரிக் கரையில் உள்ள நர்சாபூர், குரோஷா லேஸுக்குப் பெயர்பெற்ற ஊர். 19-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் வழியாக அங்கே அக்கலை வந்தது. ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் அவ்வூர்ப் பெண்களைப் பற்றிய தம் ஆய்வை 1982-இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: அப்பெண்கள் வீட்டு வேலைகளோடு சேர்த்து நாள்தோறும் பல மணி நேரம் லேஸ் பின்னினர், அது வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது, இடையிலிருந்த வியாபாரிகள் செழித்தனர். பின்னியவர்களுக்குக் கிடைத்ததோ குறைந்தபட்சக் கூலியைவிடவும் மிகக் குறைவு. காரணம், ‘வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது’ என்று அந்த உழைப்பை எல்லாரும் கருதினார்கள். அப்பெண்களும் தங்களை இல்லத்தரசி என்றே சொல்லிக்கொண்டார்கள்.

இதற்கு நேர்மாறான சம்பவம் நம் பக்கத்திலேயே உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் மிஷனரிப் பெண்மணி மார்த்தா மால்ட், பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா அல்ல. திண்டின்மேல் கட்டைகளைக் கொண்டு பின்னும் வகை. அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் அந்த வருமானத்தைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர். உழைத்துச் சம்பாதித்து விடுதலை பெறும் ‘முகாதபா’ முறையை ஃபிக்ஹ் நூல்களில் படித்தவர்களுக்கு இதன் பெருமை புரியும்.

இரண்டு ஊரிலும் பெண்கள் செய்தது நூல் வேலைதான். ஓரிடத்தில் பணம் பெண்ணின் கைக்கு வந்தது. இன்னோரிடத்தில் அது வழியிலேயே நின்றுவிட்டது. எனவே கைவேலை கற்றுக்கொடுப்பதோடு நம் பொறுப்பு முடிவதில்லை. விலை கணக்கிடவும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

உதாரணமாக ஒரு கணக்கு. ஒரு ஃபெல்ட் கிண்ணத்துக்கு 150 ரூபாய் நூல், 9 மணி நேர உழைப்பு என்று வையுங்கள். ‘கைவேலைதானே’ என்று 300 ரூபாய்க்குக் கொடுத்தால் மிச்சம் 150. மணிக்கு 17 ரூபாய்கூடத் தேறவில்லை. மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தால் உழைப்பு 540, நூல் 150, ஆக 690 ரூபாய்க்குக் குறைந்து கொடுக்கக் கூடாது. அந்த விலைக்கு விற்காது என்றால், குறைந்த நேரத்தில் முடியும் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டுமே தவிர, உழைப்பின் விலையைக் குறைக்கக் கூடாது.

இதற்காக நம் நிர்வாகக் குழு சில விதிகளை ஏற்றுள்ளது. ஒவ்வொரு பொருளோடும் அதற்கு ஆன நேரம் எழுதப்படும். நூல் விலையும் உழைப்பும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். பொருள் கைமாறிய அன்றே பணம் அந்தப் பெண்ணின் கையிலோ அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலோ சேரும். கணவர், சகோதரர் வழியாக அல்ல. மாதிரிக்கு என்று இலவசமாக எதுவும் கேட்கப்படாது. மனைவியின் சம்பாத்தியம் மனைவியின் சொத்து என்பது மார்க்கச் சட்டம். அதில் நாம் புதிதாக எதையும் சொல்லவில்லை.

உம்முல் முஃமினீன் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தொழில் செய்து, அந்த வருமானத்தை ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தவர்கள். பெண்ணின் கைவேலை சிறியது என்று கருதுவோர் அன்னையாரின் வாழ்வைப் படிக்கட்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

இத்தா இருக்கும் பெண்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், முதியோரை விட்டு நகர முடியாதவர்கள் என வெளியே சென்று உழைக்க இயலாத சகோதரிகள் நம் மஹல்லாவில் பலர். முதலில் இடம் அவர்களுக்கே. வகுப்புக்கு நேரில் வர இயலாதவர்களுக்கு, கற்ற சகோதரி ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்லித் தருவார்.

ஊசிகள், கம்பளி நூல், ஸ்பாஞ்ச் அடங்கிய ஒரு பை ஒவ்வொருவருக்கும் தேவை. தொழில் தெரிந்த ஏழைக்கு அவர் தொழிலுக்கான கருவியை வாங்கும் அளவு ஸகாத்திலிருந்து கொடுக்கலாம் என்பதை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘அல்மஜ்மூஉ’ நூலில் விளக்கியுள்ளார்கள். ஆகவே ஸகாத் பெறத் தகுதியுள்ள சகோதரிகளுக்கான பைகளுக்கு மட்டும் ஸகாத் பணம் பயன்படும். அந்தப் பை அவர்களுக்கே சொந்தமாகிவிடும். ஆசிரியைக்கான ஊதியம், இடம், மின்கட்டணம் ஆகியவற்றுக்கு ஸதகா நிதி தனியாக வசூலிக்கப்படுகிறது. கொடுப்போர் எந்த நிதிக்கு என்று குறிப்பிட்டு ரசீது பெற்றுக்கொள்ளவும்.

பணம் கொடுக்க இயலாதவர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை கையால் பின்னிய தொப்பியோ பையோ வாங்கும்போது, பேரம் பேசுவதற்கு முன் ‘இதைப் பின்ன எத்தனை நேரம் ஆயிற்று?’ என்று கேட்டுப் பாருங்கள்.

உழைப்பவரின் கைகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! அவர்களின் உரிமையைக் குறைவின்றிக் கொடுக்கும் மனதை நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.